மூச்சு தயார், எலும்பு தயாரா?

1984 ஏப்ரல் 25. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரில் ஜோன் பெனாய்ட் என்ற ஓட்ட வீராங்கனைக்கு முழங்காலில் நுண்துளை அறுவைச் சிகிச்சை நடந்தது. முந்தைய ஆண்டு பாஸ்டன் நகர மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 43 விநாடியில் ஓடி, பெண்களில் உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் பதித்தவர் அவர். ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கான முதல் மாரத்தான் அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்தது. அதற்கான அமெரிக்கத் தகுதிப் போட்டி மே 12ஆம் தேதி. இடையில் இருந்தது 17 நாள். அந்தப் போட்டியை அவர் 2 மணி 31 நிமிடம் 4 விநாடியில் ஓடி முதலிடம் பிடித்தார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் வென்றார்.

மன உறுதிக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். அவருடைய மன உறுதியில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஓட முடியாத நாள்களில் கைகளால் சுழற்றும் சைக்கிளில் மூச்சுப் பயிற்சி செய்தவர் அவர். ஆனால் அடிபட்டுப் பயிற்சி நின்றுபோய், போட்டி நாள் நெருங்குவதைப் பார்த்துத் தவிக்கும் ஓட்டக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு “அவரால் முடிந்தது, என்னால் முடியாதா?” என்று ஷூவை மாட்டினால், அவருக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது. மீதிப் பாதி உடலியங்கியலில் இருக்கிறது. 17 நாளில் உடல் எதை இழக்கும், எதை இழக்காது என்பது ஒன்று. அவருக்கு அடிபட்டது எந்தத் திசுவில் என்பது இன்னொன்று.

முதலில் இழப்பைப் பார்ப்போம். ஓட்டத்தை நிறுத்திய ஒரு வாரத்திலேயே “எல்லாம் போச்சு” என்று புலம்பாத மாரத்தான் ஓட்டக்காரரை நான் பார்த்ததில்லை. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயிலும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பல ஆண்டுகள் இடைவிடாமல் பயிற்சி செய்த 7 பேர், 84 நாள்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56ஆம் நாள் வாக்கில் 16 சதவீத இழப்புக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. தசைக்குள் ஓடும் தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், 84 நாள் கழித்தும் குறையவில்லை. ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின் நொதிகள் குறைந்தன. ஆனாலும் பயிற்சியே செய்யாதவர்களைவிட அவை அதிகமாகவே இருந்தன. ஆண்டுக் கணக்கில் கட்டியது மாதக் கணக்கில் இடிந்துவிடாது.

முதல் வாரங்களில் நேரும் அந்தச் சரிவுக்குக் காரணம் ரத்தம். பயிற்சி செய்பவரின் உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுதலாக இருக்கும். ஓட்டம் நின்றதும் அது சில நாள்களிலேயே குறையத் தொடங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தமும் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. 1986இல் காயில் குழு இதை அழகாக நிரூபித்தது. சில வாரங்கள் பயிற்சியை நிறுத்தியிருந்தவர்களின் ரத்த நாளத்துக்குள் ஒரு திரவத்தை ஏற்றி, குறைந்துபோன ரத்தக் கன அளவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. இதயத் தசை பலவீனப்படவில்லை. அதற்கு வந்து சேர வேண்டிய ரத்தம்தான் போதவில்லை.

நல்ல செய்திதான். வேகமாகப் போனது வேகமாகத் திரும்பும். மறுபடி ஓடத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் பிளாஸ்மா ஏறிவிடும், இதயத் துடிப்பு அடங்கிவிடும், மூச்சு சீராகிவிடும். “பழைய ஃபார்முக்கு வந்துட்டேன்” என்று ஓட்டக்காரர் நண்பர்களிடம் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். இரண்டாவது முறை அடிபடுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஓடுபவருக்கு மூச்சு தெரியும், களைப்பு தெரியும், தசை வலி தெரியும். தன் எலும்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது. விரிசல் காணும் வரை அது பெரும்பாலும் எதுவும் சொல்லாது.

எலும்பின் காலம் வேறு. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். விழவில்லை, அடிபடவில்லை, ஆனாலும் நடக்க முடியவில்லை. அவருக்குக் காரணம் விளங்கவில்லை. 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், அந்தப் பாதங்களுக்குள் எலும்பு விரிசல் கண்டிருப்பது படத்தில் தெரிந்தது. இன்று ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று எலும்பு மருத்துவர் சொல்வது இதைத்தான். தமிழில் அழுத்த முறிவு என்கிறோம்.

அது எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தால், மீண்டு வரும் ஓட்டக்காரருடைய பாதி சிக்கல் தீரும். ஒரு மாரத்தானில் சுமார் 40,000 அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. கெண்டைத் தசை இழுக்கும் விசையும் சேரும்போது கணைக்கால் எலும்பின் மீது விழும் சுமை அதையும்விடப் பல மடங்கு. இதனால் எலும்புக்குள் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அது இயல்பு, கெடுதலே அல்ல. கீறல் விழுந்த இடத்துக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து பழுதான எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற வேறு செல்கள் அந்தப் பள்ளத்தில் புது எலும்பை இட்டு நிரப்புகின்றன. சாலை போடுகிறவர்கள் பழைய தாரைத் தோண்டி எடுத்த பிறகுதான் புதுத் தாரை ஊற்றுகிறார்கள். எலும்பிலும் அதே வரிசைதான். தோண்டும் வேலை சுமார் மூன்று வாரத்தில் முடியும். நிரப்பும் வேலைக்குச் சுமார் மூன்று மாதம் ஆகும்.

ஆகவே ஓட்டத்தைக் கூட்டிய சில வாரங்களுக்கு எலும்பு முன்பைவிடப் பலமாக இருக்காது, பலவீனமாகவே இருக்கும். பள்ளங்கள் தோண்டப்பட்டிருக்கும், நிரம்பியிருக்காது. மூச்சு திரும்பிவிட்ட அதே வாரங்கள் இவை. மூச்சு சொல்வதை நம்பி 25 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் என்று தாவுகிறவர், நிரம்பாத பள்ளங்கள் உள்ள எலும்பின் மீது ஓடுகிறார். ஓட்டக் காயங்களை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் காணும் முடிவு ஒன்று உண்டு: ஒருவருக்கு இனி காயம் வருமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் மிக வலுவானது, முன்பு காயம் வந்திருப்பது. அதற்கு இந்தக் கால வேறுபாடு ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

எலும்பை வலுப்படுத்த நிறைய ஓட வேண்டும் என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளைத் தினமும் குதிக்க வைத்தார்கள். சிலவற்றுக்கு நாளுக்கு 5 குதிப்பு, சிலவற்றுக்கு 10, 20, 40, 100. வெறும் 5 குதிப்பே எலும்பைத் தெளிவாக வலுப்படுத்தியது. அதற்கு மேல் குதித்ததால் கிடைத்த கூடுதல் லாபம் சொற்பம். எலும்புச் செல்கள் சில பத்துச் சுமைகளைக் கேட்ட பிறகு காதை மூடிக்கொள்கின்றன. சில மணி நேர ஓய்வுக்குப் பிறகே அவற்றுக்கு உணர்ச்சி திரும்புகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் காயத்திலிருந்து மீள்பவருக்கு இது காட்டும் திசை தெளிவானது: ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓடுவதைவிட, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இடையில் ஓய்வு என்று பிரித்துக்கொள்வது எலும்புக்கு நல்லது.

தசைநாண் இன்னும் மெதுவானது. கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாணைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு என்னை வியப்பில் ஆழ்த்திய ஒன்று. 1955க்கும் 1963க்கும் இடையில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருமளவு கூடி, பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. தாவரம் வழியாக, உணவு வழியாக அது எல்லோர் உடலிலும் சேர்ந்தது. ஆகவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு அந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்று கணிக்கலாம். குதிகால் தசைநாணின் உள்மையத்தை அப்படி அளந்து பார்த்தபோது, அது அந்த மனிதரின் பதின்ம வயது முடிவதற்குள் உருவானது என்றும், அதற்குப் பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படவே இல்லை என்றும் தெரிந்தது. ஐம்பது வயதில் மாரத்தான் ஓடுகிறவர் பள்ளிக்கூட நாள்களில் உருவான அதே நாணை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்.

அதனால் தசைநாண் வலிக்கு ஓய்வு மட்டும் மருந்தாகாது. படுத்தே இருந்தால் வலி போகும். ஓடத் தொடங்கியதும் திரும்பி வரும். 1998இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹாகன் ஆல்ஃப்ரெட்சன், நாள்பட்ட குதிகால் தசைநாண் வலியோடு இருந்த 15 பேருக்குப் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைக் கொடுத்தார். தினமும் இரண்டு வேளை, 12 வாரம். அவர்கள் அனைவருமே ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். இன்று நம் ஊர் ஃபிசியோக்கள் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிக்கு மூலம் இதுவே. கவனிக்க வேண்டியது அந்த 12 வாரத்தை. நான்காவது வாரத்தில் வலி குறைந்ததும் பயிற்சியைக் கைவிடுகிறவர்களே அதிகம்.

இப்போது பெனாய்ட்டுக்கு வருவோம். அவருடைய முழங்கால் மூட்டுக்குள் இருந்த நார்த்திசு மடிப்பு ஒன்று வீங்கி மூட்டை மடக்க விடாமல் தடுத்தது. அறுவை மருத்துவர் அதை நீக்கினார், தடை போனது. எலும்பு முறியவில்லை, தசைநாண் சிதையவில்லை. ஆண்டுக் கணக்கில் ஓடிச் சேர்த்த வலிமை இரண்டிலும் அப்படியே இருந்தது. 17 நாளில் போனது கொஞ்சம் பிளாஸ்மா. கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவோடு அவர் அந்த அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்திருந்தால் எந்த மன உறுதியும் 17 நாளில் அவரை ஓட வைத்திருக்காது. “எத்தனை நாள் போச்சு?” என்பதற்கு முன்னால் “எது போச்சு?” என்று கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

வலியை மறைத்து ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2004இல் பெண்கள் மாரத்தானின் உலக சாதனையாளராக இருந்தவர் பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் அவருக்குக் காலில் அடிபட்டது. அதற்காக வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டார். அவை வயிற்றைக் கெடுத்தன. சாப்பிட்டது உடலில் சேரவில்லை. ஆகஸ்ட் 22 அன்று ஏதென்ஸ் வெயிலில், ஏறக்குறைய 36ஆவது கிலோமீட்டரில், சாலையோரம் அமர்ந்து அழுதார். ஓட்டத்தை முடிக்கவில்லை. அதே ராட்கிளிஃப், அதே ஆண்டு நவம்பர் 7 அன்று நியூயார்க் நகர மாரத்தானில் 2 மணி 23 நிமிடம் 10 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த கென்யாவின் சூசன் செப்கெமெய்யுடன் கடைசி மீட்டர்கள் வரை போட்டி நீடித்தது. 11 வாரத்தில் இரண்டு மாரத்தான், இரண்டு முடிவு. மூச்சும் தசையும் இரண்டு நாளிலும் அவரிடம் இருந்தன. முதல் நாளில் குடல் கைவிட்டது.

வலி மாத்திரை குடலோடு நிற்பதில்லை. ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பி விடப்படுகிறது, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அந்தக் குறைந்த ரத்தமாவது போய்ச் சேரும்படி சிறுநீரகத்தின் குழாய்களைத் திறந்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் தடுப்பது இவற்றின் உற்பத்தியைத்தான். உடலில் நீர் வற்றும் வெயிலில், நாலு மணி நேர ஓட்டத்துக்கு முன்னால் இந்த மாத்திரையை விழுங்குவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. 80 கிலோமீட்டர் ஓட்டங்களில் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஐபுபுரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கு. வலி மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் உள்ளவர் அன்று ஓடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது? தசைநாண் வலியில் கொஞ்சம் இடம் உண்டு. பத்துக்கு ஐந்துக்குள் இருக்கும் வலி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயிற்சியைத் தொடரலாம் என்ற அளவுகோலை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் சோதித்து, அதனால் குணமடைவது கெடவில்லை என்று கண்டார்கள். எலும்புக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று வலி, ஓட ஓடக் குறையாமல் கூடும் வலி, இரவில் படுத்த பிறகும் விடாத வலி, இவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே நார்மல்” என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது; எம்ஆர்ஐ ஸ்கேன்தான் அதைப் பிடிக்கும்.

ஓட முடியாத வாரங்களை வீணாக்க வேண்டியதில்லை. இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல், ஆழமான நீச்சல் குளத்தில் ஓடுவது மிகச் சிறந்த மாற்று. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் 4 வாரம் தண்ணீரில் மட்டும் ஓடினார்கள். அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் குறிப்பிடும்படி மாறவில்லை.

இங்கே சென்னை ஓட்டக்காரருக்குத் தனியாக ஒரு சொல். குளத்திலும் குளிரூட்டிய ஜிம்மிலும் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளலாம், வெயில் பழக்கத்தைக் காப்பாற்ற முடியாது. வெக்கையில் தினமும் ஓடினால் 10 முதல் 14 நாளில் உடல் அதற்குப் பழகும்: வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், இதயம் அடங்கித் துடிக்கும். வெக்கையை விட்டு விலகினால் இந்தப் பழக்கம் நாளுக்குச் சுமார் 2.5 சதவீதம் என்ற வேகத்தில் கரைகிறது. ஆறு வாரம் உள்ளேயே இருந்தவர் சென்னையின் ஜனவரி மாரத்தானுக்கு வரும்போது, விடிவதற்கு முன் ஓடத் தொடங்கினாலும், கடைசி 10 கிலோமீட்டரைக் கடலோர ஈரக்காற்றிலும் ஏறும் வெயிலிலும் ஓட வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் சில ஓட்டங்களையாவது, மெதுவாக, வெயில் ஏறிய பிறகு ஓடிப் பழக வேண்டும். இழந்த இந்தப் பழக்கம் முதல் முறையைவிட விரைவாகத் திரும்புவது ஒரு வசதி.

திரும்பி வரும்போது ஓடும் தூரத்தை எவ்வளவு கூட்டலாம்? வாரத்துக்கு 10 சதவீதம் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். 2008இல் நெதர்லாந்தின் கிரோனிங்கன் ஆய்வாளர்கள் புதிதாக ஓட வந்தவர்களிடம் அதைச் சோதித்தார்கள். விதிப்படி ஓடியவர்களிலும் மற்றவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது, வித்தியாசமே இல்லை. 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வாரக் கணக்கைவிட ஒரே ஓட்டத்தின் நீளம்தான் முக்கியம் என்று காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாவியவர்களுக்குக் காயம் கூடியது. இரு மடங்குக்கு மேல் தாவியவர்களுக்கு மிக அதிகம். விட்டுப்போன நீண்ட ஓட்டங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டப் பார்க்கிறவருக்கு இந்த முடிவைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நேரத்தில் எவ்வளவு இழப்போம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாரத்தான் ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ பயிற்சி தடைப்பட்டவர்கள், ஒரு வாரத்துக்கும் குறைவாகவே பயிற்சி தடைப்பட்ட தங்களுடைய மற்ற மாரத்தான்களைவிட 5 முதல் 8 சதவீதம் மெதுவாக முடித்தார்கள். 4 மணி நேரத்தில் ஓடுகிறவருக்கு இது 12 முதல் 19 நிமிடம். அவ்வளவுதான் இழப்பு. அதை முதல் கிலோமீட்டரிலேயே ஒப்புக்கொண்டு அதற்கேற்ற வேகத்தில் தொடங்குகிறவர் நல்லபடியாக முடிப்பார். பழைய வேகத்தில் தொடங்குகிறவர் 32ஆவது கிலோமீட்டரில் நடந்துகொண்டிருப்பார்.

என் முடிவைச் சொல்கிறேன். போனது இரண்டு வாரம் என்றால் கவலையே வேண்டாம். விட்டுப்போன ஓட்டங்களை மறந்துவிட்டு அட்டவணையில் இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள். தசையோ தசைநாணோ காரணமாக ஐந்தாறு வாரம் போயிருந்து, அந்த நாள்களில் நீந்தியோ சைக்கிள் மிதித்தோ வந்திருந்தால், போட்டிக்கு இன்னும் எட்டு வாரமாவது இருந்தால், ஓடுங்கள். நேர இலக்கை மட்டும் விட்டுவிடுங்கள். காரணம் எலும்பு முறிவு என்றால் இந்த ஆண்டு முழு மாரத்தான் வேண்டாம். மருத்துவர் அனுமதித்தால் 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்று மற்றவர்களுக்கு உதவுங்கள். கட்டிய பதிவுக் கட்டணத்தை நினைத்து யாரும் ஓடக் கூடாது. சென்னையில் மாரத்தான் அடுத்த ஜனவரியிலும் நடக்கும்.